காற்றைக் குடித்த குழாய்

கூடலூரிலிருந்து தேவாலா போகிற சாலையில் இரண்டு பக்கமும் தேயிலை. தேயிலைக்கு நடுவே நிழலுக்காக நட்ட சில்வர் ஓக் மரங்கள். அவை முதிர்ந்ததும் அனுமதி வாங்கி வெட்டுவார்கள். வெட்டிய தடியைத் தோட்டத்துக்குள்ளிருந்து தார் ரோட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கிற வேலையை அப்பா குத்தகைக்கு எடுத்துச் செய்துகொண்டிருந்தார். சொல்லும்போது சுலபம். அந்தச் சரிவுகளில் ரோடு என்பது செம்மண்ணில் டிராக்டர் போய்ப் போய் விழுந்த தடம்தான். ஒரு மழை பெய்தால் சாதாரண லாரி இறங்கும், ஏறாது. தமிழ்நாட்டில் மழை அதிகம் கொட்டும் ஊர்களில் ஒன்று தேவாலா. ஜூன் பிறந்தால் வானம் மூடிக்கொள்ளும், பிறகு ஓணம் வரைக்கும் துணி காயாது.

அந்தத் தடத்தில் நான்கு சக்கரமும் பிடித்து ஏறுகிற வண்டி ஒன்றுதான், சக்திமான். ராணுவம் கழித்துவிட்ட வண்டிகளை ஏலத்தில் எடுத்தவர்களிடமிருந்து கைமாறிக் கைமாறி எங்கள் பக்கத்துக்கு வந்து சேரும். எங்கள் வாசலுக்கு வந்ததும் அப்படித்தான். முன்னால் துருத்திய பானெட், தட்டையான கண்ணாடி, என் நெஞ்சுயரம் நிற்கும் டயர். மேலே யாரோ பூசியிருந்த நீலப் பெயின்ட் உரிந்த இடமெல்லாம் மிலிட்டரி பச்சை தெரியும். முன் பம்பரில் நகத்தால் சுரண்டினால் பழைய ராணுவ நம்பரும், அதற்கு முன்னால் மேல்நோக்கி நின்ற அம்புக்குறியும் புலப்படும். அந்த அம்பைத் தொட்டுப் பார்ப்பதில் எனக்கு அப்போது அப்படியொரு பெருமை. 1965லும் 1971லும் படைக்குச் சுமை இழுத்த குலத்து வண்டி அது.

இந்தக் குலத்தின் கதையைப் பிறகு பெரியவனாகித் தேடிப் படித்தேன். ஜெர்மனியின் மான் நிறுவனத்தோடு 1950களின் இறுதியில் உரிம ஒப்பந்தம் போட்டு ஜபல்பூரில் கட்டத் தொடங்கினார்கள். 1969ல் அங்கே தனி வாகனத் தொழிற்சாலை வந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை சக்திமான் அங்கிருந்து வந்துகொண்டிருந்தது. மான் (MAN) என்கிற பெயரில் நடுவில் நிற்கும் A, ஆக்ஸ்பர்க் என்கிற ஊரைக் குறிக்கும். ருடால்ஃப் டீசல் 1893லிருந்து 1897 வரை பாடுபட்டுத் தன் முதல் எஞ்சினை ஓட்டிக் காட்டியது அந்த ஊர்த் தொழிற்சாலையில்தான். அதைப் படித்த அன்று எங்கள் வாசலில் நின்ற பழைய வண்டியின் மேல் எனக்கு மரியாதை இன்னும் கூடியது.

நான் சொல்ல வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு ஜூன் மாதம். வெட்ட அனுமதி தாமதமாகக் கிடைத்து, மரம் சாய்த்து முடிக்கவும் மழை இறங்கவும் சரியாக இருந்தது. தடியெல்லாம் தோட்டத்துக்குள் கிடக்கிறது. பர்மிட்டுக்குக் கெடு இருக்கிறது. அந்த நேரம் பார்த்து சக்திமான் ஏற்றத்தில் நின்றது.

நின்ற விதம்தான் யாருக்கும் பிடிபடவில்லை. சமதளத்தில் நன்றாக ஓடும். லோடோடு ஏறும்போது பாதி ஏற்றத்தில் எஞ்சின் விம்மும், தணியும், மறுபடி விம்மும், அணைந்துபோகும். டேங்க் நிறைய டீசல் இருக்கிற அன்று தொல்லை கிடையாது. பாதிக்குக் கீழே போனால் தொடங்கிவிடும். ராத்திரி மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்தினால் காலையில் எடுக்காது. பள்ளத்தைப் பார்க்க நிறுத்தினால் ஒரே செல்ஃபில் எடுக்கும். டிரைவர் மாமா சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் மலையகத்திலிருந்து வந்த குடும்பம். கண்டி ரோட்டில் ஓட்டிப் பழகிய கை. "லொறிக்கு ஏதோ மூச்சு முட்டுது அண்ணே, வேற ஒண்டும் விளங்கல்ல" என்று மட்டும் சொன்னார்.

ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் பார்த்துவிட்டு மெயின் பம்ப் போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள். பம்பைக் கழற்றி வெளியூர் அனுப்பி, எலிமென்ட் மாற்றி, காலிபரேஷன் போட்டு வர வேண்டும். அந்தத் தொகையைக் கேட்டதும் அம்மா அடுப்படிக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. அப்பா ஆள் அனுப்பி இக்காவைக் கூப்பிட்டார்.

இக்கா நிலம்பூர்க்காரர். மரம் இழுக்கிற வண்டிகள் நிறைந்த ஊரில் தொழில் கற்று, நாடுகாணிச் சுரம் ஏறி எங்கள் ஊரில் தங்கிவிட்டவர். கூடலூரில் சக்திமான் வைத்திருந்த எல்லோருக்கும் அவர் இக்காதான். வந்ததும் ஸ்பேனரை எடுக்கவில்லை. டிரைவர் மாமாவை உட்கார வைத்து, எந்த ஏற்றத்தில் நின்றது, டேங்கில் எவ்வளவு இருந்தது, அன்று எந்தப் பக்கம் பார்த்து நிறுத்தியிருந்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். டாக்டர் நாடி பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன், அதே நிதானம். கேட்டு முடித்து அப்பாவிடம் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

"பம்புக்கு நோவு இல்ல அண்ணே. பட்டினி."

அதை நிரூபிக்க அவர் செய்தது எனக்கு வித்தையாகவே பட்டது. அஞ்சு லிட்டர் கேனில் டீசல் நிரப்பி, பானெட்டுக்கு மேலே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். அதிலிருந்து ஒரு டியூபை நேராக எஞ்சினுக்குப் பக்கத்திலிருக்கும் பீட் பம்பில் மாட்டினார். டேங்கும் டேங்கிலிருந்து வருகிற குழாயும் இப்போது கணக்கிலேயே இல்லை. டிரைவர் மாமா வண்டியை எடுத்து எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள மேட்டில் ஏற்றினார். கேன் ஆடியபடி போயிற்று. எஞ்சின் விம்மவே இல்லை. மேட்டின் உச்சியில் நிறுத்தி, ஆக்சிலரேட்டரை மிதித்துப் பிடித்தார். ஒரே சத்தம், சீரான சத்தம். அப்பா முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததை அன்றுதான் பார்த்தேன்.

டீசல் வண்டியில் குழாய் என்றால் எல்லாம் ஒரே குழாய் இல்லை. டேங்கிலிருந்து பீட் பம்ப் வரை வருவது உறிஞ்சு குழாய். அங்கிருந்து பில்டருக்கும் மெயின் பம்புக்கும் போவது தள்ளு குழாய். மெயின் பம்பிலிருந்து ஆறு சிலிண்டருக்கும் ஆறு தடித்த இரும்புக் குழாய்கள், நாசில் பைப். நாசிலில் மிஞ்சுவதைத் திருப்பிக் கொண்டுபோக ரிட்டர்ன். தள்ளு குழாயில் ஓட்டை விழுந்தால் டீசல் சொட்டும், தரையில் கறை விழும், யாரும் கண்டுபிடிக்கலாம். உறிஞ்சு குழாயில் ஓட்டை விழுந்தால் ஒரு சொட்டு வெளியே வராது. அது உள்ளே இழுக்கும். டீசலோடு காற்றையும் இழுக்கும். டேங்க் நிறைந்திருந்தால் இழுப்பு குறைவு, தப்பித்துவிடும். டீசல் இறங்க இறங்க, ஏற்றத்தில் வண்டி சாய்ந்து டேங்க் கீழே போகப் போக, பீட் பம்ப் பலமாக இழுக்க வேண்டியிருக்கும். அப்போது ஓட்டை வாய் திறக்கும். ராத்திரி மூக்கு மேலே நிறுத்தினால் அதே ஓட்டை வழியாகக் காற்று புகுந்து குழாயில் நின்ற டீசல் முழுக்க டேங்குக்கே திரும்பிவிடும். காலையில் எப்படி எடுக்கும்? மாமா சொன்ன அத்தனை அறிகுறியும் ஒரே காரணத்தில் வந்து உட்கார்ந்தன. பின்னாளில் எத்தனையோ பழுதுகளைப் பற்றிக் கேட்டிருக்கிறேன், இவ்வளவு சுத்தமாகப் பொருந்திய ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

மழை லீவு விட்டிருந்தார்கள். அதனால் அந்த வேலை முழுக்க நான் கூடவே இருந்தேன். தார்ப்பாய் கட்டி அதன் கீழே வண்டி. டேங்க் பக்கத்து முனையைக் கழற்றி அதில் சைக்கிள் பம்பின் குழலை மாட்டினார் இக்கா. பீட் பம்ப் பக்கத்து முனையை அடைத்தார். ஒரு டப்பாவில் சோப்புத் தூளைக் கரைத்து, பழைய ஷேவிங் பிரஷையும் டார்ச்சையும் என் கையில் கொடுத்தார். "நீதான் சின்ன ஆளு மோனே, சேஸுக்கு அடியில போ. நான் அடிக்கிறேன், குமிழி வருதா பாரு."

சேஸின் உள்பக்கமாகப் போகிற அந்த இரும்புக் குழாய் முழுக்கச் சேறு அப்பியிருந்தது. துடைத்துத் துடைத்து சோப்பு தடவிக்கொண்டே போனேன். மூட்டுகளில் ஒன்றும் இல்லை. நடுவில் எவரோ வெட்டி ரப்பர் ஹோஸ் போட்டு ஒட்டியிருந்த இடத்தில் சின்னச் சின்ன நுரை கிளம்பியது. கத்தினேன். "அது ஒண்ணு. இன்னும் பாரு" என்றார். குறுக்குச் சட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளிப். அதன் ஓரத்திலிருந்து குண்டூசித் தலையளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தன. டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றிலும் நிறம் ஓடியது. இவ்வளவு பெரிய வண்டியை, லோடோடு, ஏற்றத்தில் நிறுத்தியது இதுதானா என்று என்னால் நம்ப முடியவில்லை.

கிளிப்பைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. குழாய் அதிராமலிருக்க உள்ளே ரப்பர் வைத்து ராணுவத்தில் ஒழுங்காகத்தான் பிடித்திருந்தார்கள். ஆனால் அந்த ரப்பருக்கும் குழாய்க்கும் நடுவே மழைத் தண்ணீர் புகுந்தால் காய வழியில்லை. வெளியே பளபளவென்று இருக்கிற குழாய் கிளிப்புக்கு அடியில் மட்டும் அரித்துப்போகும். இக்கா அந்தத் துண்டை ஆக்சா பிளேடால் அறுத்து எடுத்து, நெடுக்காகப் பிளந்து காட்டினார். உள்ளே செம்பழுப்புத் துரு அடை அடையாகக் கிடந்தது. வெளியிலிருந்தும் அரிப்பு, உள்ளிருந்தும் அரிப்பு.

ரப்பரை மாற்றி ஒரு துண்டு ஒட்டினால் போதாதா என்று அப்பா கேட்டார். கெடு நெருங்குகிறது, கேட்டதில் நியாயம் உண்டு. இக்கா தலையை ஆட்டினார். "இந்த ஒண்ணு தெரிஞ்சது. மத்த கிளிப்புல எல்லாம் இதே வயசு, இதே மழை. தேவாலா மேட்டுல லோடோட நின்னா அப்ப என்ன செய்வீங்க?" டேங்கிலிருந்து மெயின் பம்ப் வரை எல்லாக் குழாயையும் மாற்றுவது என்று முடிவாயிற்று. வழிக்கடவு பஸ்ஸில் ஆள் போய்க் கோழிக்கோட்டிலிருந்து செம்புக் குழாய்ச் சுருளும், நட்டுகளும், வாஷர்களும் வாங்கி வந்தான்.

டேங்கைக் காலி செய்து கழுவியது, அடியில் தேங்கிய தண்ணீரையும் வண்டலையும் வெளியேற்றியது, டேங்குக்குள் நிற்கும் குழாயின் வலையைச் சுத்தம் பண்ணியது எல்லாம் அழுக்கு வேலை. கிளீனர் அண்ணன் முனகிக்கொண்டே முடித்தான். என் கண்ணெல்லாம் அந்தச் செம்புச் சுருள் மேல்தான்.

சுருளைப் பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் ஒடுங்கிவிடும். ஒரு முனையைப் பலகையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு சுருளையே உருட்டிக்கொண்டு போக வேண்டும். பின்னால் குழாய் நேராகக் கிடந்துகொண்டே வரும். வளைக்கிற இடத்தில் மணல் நிரப்பி வளைப்பதை நான் வெல்டிங் பட்டறையில் பார்த்திருந்தேன். அதைச் சொன்னதும் இக்கா அன்று முதல்முறையாகச் சத்தம் போட்டார். "டீசல் போற வழியில மணலா? ஒரு தரி உள்ள நின்னா பம்பு தீர்ந்தது!" மெயின் பம்புக்குள் ஏறி இறங்குகிற பிளஞ்சருக்கும் அதன் பேரலுக்கும் இடையில் உள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் இரண்டு மூன்று பங்குதான். அதற்குள் மணல் துணுக்கு போனால் கீறிவிட்டுத்தான் அடங்கும். அவர் வளைத்தது ஒரு மரக் கட்டையைச் சுற்றி, கட்டை விரலால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி. வளைவு முடிந்ததும் விரலை அதன் மேல் ஓட்டிப் பார்ப்பார். எங்காவது தட்டையாகத் தெரிந்தால் அந்தத் துண்டு கழிவு.

அறுப்பதற்கும் ஆக்சா பிளேடு கிடையாது, தூள் உள்ளே விழும். சின்னச் சக்கரம் வைத்த கட்டரைக் குழாயைச் சுற்றிச் சுற்றி முறுக்குவார். வெட்டிய வாயில் உள்பக்கம் நிற்கிற பிசிறைச் சுரண்டும்போது குழாயைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்வார், தூள் வெளியே விழட்டும் என்று. பிறகு வாய் விரிக்கிற வேலை. அதற்கு முன்னால் நட்டைக் குழாயில் கோத்துவிட வேண்டும். வாய் விரித்தபின் நட்டு ஏறாது. ஒவ்வொரு முனைக்கும் "நட்டு போட்டாச்சா இக்கா?" என்று கேட்பது எனக்குக் கொடுத்த வேலை. அவருக்கு அது மறக்கவே மறக்காது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நான் கேட்கும் வரை கையை நிறுத்திக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பில் ஒரு பத்து வயசுப் பையன் வேலைக்காரனாகிவிடுகிறான்.

குழாயை இரட்டைப் பலகைக் கட்டையில் இறுக்கிப் பிடித்து, கூம்பில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மெதுவாகத் திருகுவார். செம்பின் வாய் பூ மலர்வதுபோல அவசரமில்லாமல், கால் கால் திருப்பாக விரியும். முடிந்ததும் டார்ச்சுக்கு நேரே காட்டுவார். ஒரு முனையில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் நகத்தால் தடவி, மயிரிழை வெடிப்பு ஒன்றைக் காட்டினார். வெட்டி எறிந்துவிட்டு மறுபடி விரித்தார். இறுக்கினால் அடங்கிவிடும் என்று விட்டிருக்கலாம். நட்டுக்குள் மறைந்துபோகிற இடம், யார் பார்க்கப் போகிறார்கள்? அவர் பார்த்துவிட்டார், அவ்வளவுதான். நான் மனிதர்களை எடைபோடுகிற முறை அங்கே தொடங்கியது என்று நினைக்கிறேன்.

வாஷர்களிலும் இப்படியே. புதுச் செம்பு வாஷரையே புளோ லாம்ப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டார். சுர்ரென்று கருஞ்செதில் உதிர்ந்து அடியில் இளஞ்சிவப்பாகச் செம்பு தெரிந்தது. காய்ச்சினால் செம்பு மிருதுவாகும். இறுக்கும்போது மேடு பள்ளத்துக்கு இடம் கொடுத்து உட்காரும்.

குழாயைச் சேஸில் பிடிக்கும்போது பழைய கிளிப்புகளில் அடிப்பக்கம் ஒரு சின்ன வழி வெட்டினார், தண்ணீர் வடிய. சேஸிலிருந்து எஞ்சினுக்குத் தாவுகிற இடத்தில் குழாயை நேராக விடாமல் ஒரு சுற்றுச் சுற்றி விட்டார். எஞ்சின் ரப்பரின் மேல் உட்கார்ந்து ஆடுகிறது, சேஸ் ஆடுவதில்லை. செம்பு அதிர அதிர விறைத்துப்போய் ஒருநாள் வெடிக்கும். அந்தச் சுற்று இருந்தால் ஆட்டத்தை அது வாங்கிக்கொள்ளும்.

நாசில் பைப் ஆறையும் அவர் மாற்றவில்லை. ஆறும் ஒரே நீளம், அதனால்தான் சில குழாய்கள் தேவையில்லாமல் வளைந்து நிற்கின்றன என்று மட்டும் காட்டினார். 

கடைசியாக ஏர் எடுக்கிற வேலை. புதுக் குழாய் முழுக்கக் காற்று. பீட் பம்பில் இருக்கிற கைப்பிரைமரை டிரைவர் மாமா அடிக்க, பில்டர் மேலிருக்கிற திருகை இக்கா தளர்த்திப் பிடித்தார். முதலில் வெறும் சீறல். பிறகு நுரை. நுரையில் குமிழி பெரிசாகி, சிறுத்து, அருகி, ஒரு கட்டத்தில் தெளிந்த டீசல் கண்ணாடிக் கம்பியாக வழிந்தது. திருகை மூடினார். அடுத்தது மெயின் பம்பின் திருகு. அதன்பின் நாசில் முனை நட்டுகளைத் தளர்த்திவிட்டு செல்ஃப் போடச் சொன்னார். ஒவ்வொரு முனையும் எச்சில் துப்பத் தொடங்கியதும் ஒவ்வொன்றாக இறுக்கினார். மூன்றாவது இறுக்கத்திலேயே எஞ்சின் குதித்து எடுத்துக்கொண்டது. வெள்ளைப் புகை தார்ப்பாய்க்குள் நிறைந்தது. எனக்கு அந்தப் புகை மணத்தது.

ஒரு நாசில் மூட்டில் லேசாக ஈரம். நான் விரலை நீட்டினேன். இக்கா என் மணிக்கட்டைப் பிடித்த பிடி வலித்தது. பேசாமல் ஒரு அட்டைத் துண்டை எடுத்து அந்த மூட்டுக்குப் பக்கத்தில் காட்டினார். கண்ணுக்கே தெரியாத ஒரு பீச்சல் அட்டையில் கோடு போட்டது. நாசிலுக்குப் போகிற டீசலின் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோவுக்கு மேல். "தோலைத் துளைச்சு உள்ள போயிரும் மோனே. வெளிய ஒரு புள்ளிதான் தெரியும். உள்ள சதை அழுகும். ஓடுற வண்டியில இந்த இடத்துக்கு அட்டை போகும், கை போகாது." எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் அந்த நட்டை இறுக்கினார்.

அப்பா காசை எடுத்தார். இக்கா வாங்கவில்லை. டேங்கில் கால்வாசி டீசல் மட்டும் விட்டு, வண்டியை மேட்டில் மூக்கு மேலே பார்க்க நிறுத்தச் சொன்னார். ராத்திரி முழுக்க மழை. விடியும்போதே குடையோடு வந்துவிட்டார். பானெட்டைத் திறந்து ஒவ்வொரு மூட்டையும் வெள்ளைத் துணியால் துடைத்து, துணியைப் பார்த்தார். பிறகு டிரைவர் மாமாவைப் பார்த்துத் தலையசைத்தார். சாவி திருகிய மறு நொடி வண்டி எடுத்தது.

"இப்ப குடுங்க அண்ணே" என்று கையை நீட்டியவர், மாமாவிடம் திரும்பி, "அடுத்த இடவப்பாதி மழைக்கு முன்னாடி கிளிப் எல்லாம் கழட்டிப் பாக்கணும். மறந்தா எனக்கு மறுபடி வேலை வரும்" என்றார்.

"மறப்பேனா? ஏறு தம்பி, சங்கிலிய எடு" என்று மாமா கிளீனர் அண்ணனுக்குக் குரல் கொடுத்தார். முன் ஆக்சிலைச் சேர்த்துக்கொண்டு சக்திமான் தோட்டத்துத் தடத்தில் இறங்கியது. கெடு முடிவதற்குள் கடைசித் தடியும் தார் ரோட்டுக்கு வந்துவிட்டது.